சைலன்சரில் மயில்கழுத்து நீலம்

போன வாரம் அடையாறில் பெட்ரோல் போட வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் பைக்கில் வந்த ஓர் இளைஞர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, என் காரின் பின்பக்கத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சரா? புகையா? துப்பட்டா கதவில் மாட்டித் தொங்குகிறதா? ஒரு பெண் கார் ஓட்டினால் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கும். கண்ணாடியை இறக்கினேன்.

“மேடம்... டைட்டானியமா?”

“இல்ல தம்பி. சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.”

“கலர் செம மேடம்! ஆனா ஏன் ஒண்ணு நீலமா இருக்கு, இன்னொண்ணு தங்கமா இருக்கு? மேட்ச் ஆகலையா?”

என்னவென்று சொல்வது? பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். “அது பெரிய கதை தம்பி” என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினேன்.

அவரிடம் சொல்ல நேரமில்லை. உங்களிடம் சொல்லலாம் அல்லவா?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவர் கதிரேசனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — அவர் சரக்குக் கப்பலில் எஞ்சினீயர். பல மாதம் கடலில், சில வாரம் மந்தைவெளியில். கல்யாணமானதிலிருந்து எங்கள் குடும்பம் ஓடுவது இப்படித்தான்.

ஊருக்கு வந்தால் அவர் முதலில் விசாரிப்பது என்னையா, எங்கள் பழைய செடான் காரையா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பார். காது கொடுத்துக் கேட்பார். குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் டாக்டர்கூட அவ்வளவு அக்கறையாகக் கேட்கமாட்டார்.

இதற்கு முந்தைய லீவில் வந்திருந்தபோது ஒரு நாள் சாயங்காலம், சோபாவில் படுத்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கூப்பிட்டார்.

“சாந்தி, இங்க வாயேன். இந்தக் கலரைப் பாரு.”

பார்த்தேன். ஏதோ வெளிநாட்டுக் கார். அதன் சைலன்சர் முனையில் ஒரு வர்ணஜாலம். விளிம்பில் மயில்கழுத்து நீலம். அது மெல்ல ஊதாவாகி, ஊதா செம்பாகி, செம்பு தங்கமாகி, தங்கம் கடைசியில் வெறும் வெள்ளி உலோகத்தில் கரைந்துபோகிறது. இது முடிந்து அது ஆரம்பிக்கிறது என்று எங்கேயும் கோடு கிழிக்க முடியாது.

“பர்ன்ட் டைட்டானியம்னு பேரு. இது பெயிண்ட் இல்ல. டைட்டானியத்தைச் சூடு பண்ணா மேல மெலிசா ஒரு படலம் வரும். வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பறப்ப நமக்கு இப்படிக் கலர் கலராத் தெரியுது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லகூட வரவைக்கலாம். கொஞ்சம் டல்லா இருக்கும், அவ்வளவுதான்.”

“அழகா இருக்குங்க.”

“உனக்கு அழகு. எனக்கு எஞ்சின் ரூம்ல ஏதாவது பைப் இந்தக் கலருக்கு மாறினா அது அபாயச் சங்கு. எங்கேயோ சூடு எல்லை தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அதையே ஊர்ல அழகுக்குன்னு பண்றாங்க பாரேன்!”

இரண்டே நாளில் இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சைலன்சர் முனைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் லீவு முடிந்துவிட்டது. ஒரு பழைய துண்டில் சுற்றிப் பரணில் வைத்தார். “வந்து பண்ணிக்கலாம்” என்றார்.

கப்பல்காரர்கள் வீட்டில் அதிகம் புழங்கும் வாக்கியம் இதுதான். பால்கனிக்கு வலை போடுவதா? வந்து பண்ணிக்கலாம். கொடைக்கானல் போவதா? வந்து போய்க்கலாம். சண்டை போட நினைத்தால்கூட, சரி, வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டும். வந்த பிறகு சண்டை போட யாருக்கு மனசு வரும்?

அவர் திரும்ப வேண்டிய மாதம் வந்தது. ஃபோனும் வந்தது. கடல் நடுவிலிருந்து பேசும்போது அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

“சாந்தி... எனக்குப் பதிலா வர வேண்டியவர் வரலை... கேக்குதா?”

“கேக்குதுங்க.”

“இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கு...”

“பரவாயில்லைங்க. இங்க எல்லாம் நல்லா இருக்கு. நீங்க உடம்பைப் பாத்துக்கங்க.”

ஃபோனை வைத்தேன். அவருக்காக வாங்கிவந்திருந்த வஞ்சிரம் மீன் ஃப்ரீசரில் இருந்தது. அதை எடுத்து நான் மட்டும் சமைத்துச் சாப்பிட மனசில்லை. மாடி வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒரு காரியமும் இல்லாமல் பரணைச் சுத்தம் செய்ய ஏறினேன். அங்கேதான் அந்தத் துண்டு மூட்டை கண்ணில் பட்டது.

அவர் வருவதற்குள் இதைச் செய்து காரில் மாட்டிவிட்டால் என்ன? இறங்கி வந்து பார்த்ததும் அசந்துபோகமாட்டாரா? எத்தனை காலம்தான் எல்லாவற்றுக்கும் அவர் வந்து சேர வேண்டும் என்று காத்திருப்பது?

மறுநாளே கிளம்பிவிட்டேன். தி. நகரில் கார் அலங்காரக் கடை ஒன்றில் விசாரித்தேன்.

“பண்ணிடலாம் மேடம். குரோம் அடிச்சு, மேல நீலம், ஊதா எல்லாம் ஸ்ப்ரே பண்ணித் தர்றோம். அச்சு அசல் டைட்டானியம் மாதிரியே இருக்கும்.”

“சூடு பட்டா?”

“வெயில்ல மட்டும் நிறுத்தாதீங்க மேடம்.”

சென்னையில்! சைலன்சரை! நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அசோக் நகரில், ஒரு டிபன் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே துரையின் கடை. சைலன்சர் ஓட்டை அடைக்கும் வெல்டிங் கடை. துரைக்கு நாற்பது வயதிருக்கலாம். முனையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், சைலன்சருக்கு மேக்கப்பா?”

ஃபோனில் படத்தைக் காட்டினேன்.

“அட, இதுவா... நானும் ஃபோன்லதான் பாத்துக்கீறேன். செஞ்சது இல்ல. கேஸ் டார்ச் கீது, பஃபிங் மெஷினு கீது. ட்ரை பண்லாமா? வீணாப் போனா என்னைத் திட்டக்கூடாது.”

தெரியும் என்று சொல்லாமல் தெரியாது என்று சொன்னாரே, அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் முயற்சி அரை நிமிடத்தில் முடிந்தது. துரை ஆர்வக்கோளாறில் டார்ச்சைப் பெரிதாக வைத்து, ஒரே இடத்தில் காட்டிவிட்டார். தங்கம் வந்தது... ஊதா வந்தது... “ஐயோ, நீலம்!” என்று நான் கத்துவதற்குள் நீலமும் போய், முனை முழுக்க அழுக்குச் சாம்பல் நிறமாகிவிட்டது. அடிப்பிடித்த பால் பாத்திரம் போல.

“கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போச்சே மேடம்!” என்றார் துரை, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல.

பஃபிங் மெஷினில் தேய்த்து மறுபடி பளபளப்பாக்கினார். தின்னரால் துடைத்தார். ஆறட்டும் என்று வைத்துவிட்டு டீ சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். எவ்வளவு பளபளப்பு என்று கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

இரண்டாவது முயற்சியில் டார்ச் சிறியதாக இருந்தது. நிறம் மெதுவாக, அழகாக ஏறிவந்தது. திடீரென்று தங்க நிறத்தின் நடுவே ஏதோ ஒரு கறை. வரிவரியாக.

“உங்க கட்டைவிரல் ரேகை மேடம்” என்றார் துரை. “கையில எண்ணெ கீது இல்ல? அது அப்டியே வெந்துபோச்சு.”

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கோடும் தெளிவாக விழுந்திருந்தது. சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் என்னவோ செய்தது. எங்கள் வீட்டில் அவர் கை பட்ட அடையாளம் எங்கே இருக்கிறது? அவர் போன மறுநாளே வேலை செய்யும் பெண்மணி கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறார். துடைக்காதீர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

“அழிச்சுட்டு நாளைக்கு இன்னொரு தபா பண்லாம் மேடம். மூஞ்சி ஏன் வாடிப்போச்சு? யாருக்கு இது, சாருக்கா?”

சொன்னேன். கப்பல், கடல், வராத மாற்று ஆள் எல்லாவற்றையும்.

துரை டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்: “நானும் ஒரு கப்பல்காரன்தான் மேடம். முன்னாடி ஆத்தோரம் குடிசைல இருந்தோம். கடைலேர்ந்து நடந்துபோய் மத்தியானச் சோறு துன்னுட்டு வருவேன். இப்ப அதை இடிச்சுட்டு, ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல வீடு குடுத்துட்டாங்க. ரெண்டு பஸ் மாறணும். தினம் போய்க்கினு வந்துக்கினு இருந்தா வேலை நடக்காது. அதான் கடைக்கு மேலயே படுத்துக்கறேன். ஞாயித்துக்கெயமதான் எனக்குக் கரை. வூட்டம்மா அன்னிக்கு மட்டும் மூஞ்சி கழுவி, பூ வெச்சுக்கினு பஸ் ஸ்டாப்புல நிக்கும்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். இடையில் கடல் இருந்தால்தான் பிரிவா? இரண்டு பஸ் போதாதா?

மறுநாள் போனேன். கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்தேன். துரை டார்ச்சைத் தூரத்தில் பிடித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நான் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கோல்... தங்கம்... கத்திரிப்பூ...

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். துரை சட்டென்று டார்ச்சை விலக்கினார்.

நெருப்பை எடுத்த பிறகும் நிறம் நிற்கவில்லை. உள்ளே இருந்த சூட்டில் அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. ஊதா நீலமானது. நீலம் இன்னும் கொஞ்சம் ஆழமானது. போய்விடுமோ என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

நின்றது. விளிம்பில், மயில்கழுத்து நீலமாகவே நின்றது.

“சூப்பர் மேடம்!” என்று துரை கையைத் தட்ட, டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது முனையும் அன்றே முடிந்தது. காரில் மாட்டியதும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். படம் எடுத்து அவருக்கு அனுப்ப விரல் துடித்தது. அனுப்பவில்லை. வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்துவைத்தேன். கடல் காற்று பட்டால் மங்கிவிடுமோ என்று பயம்.

ஒரு வழியாக அவர் வந்தார்.

ஏர்போர்ட்டில் கொஞ்சம் இளைத்து, கொஞ்சம் கறுத்து, தள்ளுவண்டியோடு வெளியே வந்தவரைப் பார்த்ததும் எனக்குச் சைலன்சர் எல்லாம் மறந்துபோனது. டிக்கியில் பெட்டிகளை ஏற்றும்போதுதான் நினைவு வந்தது. அவர் நின்றது சைலன்சருக்கு நேர் எதிரே. குனிந்து பெட்டியைத் தூக்கினார். நிமிர்ந்தார்.

“இட்லி இருக்கா வீட்ல?” என்றார்.

சரி, களைப்பு. மறுநாள் பார்ப்பார் என்று இருந்தேன். பார்க்கவில்லை. குழாய் ஒழுகலைச் சரிசெய்தார். மிக்ஸியைப் பிரித்து மாட்டினார். நான் காரின் பின்பக்கம் லிஃப்ட்டைப் பார்த்து இருக்கும்படி ரிவர்ஸில் நிறுத்தினேன். “பார்க்கிங் நல்லா பழகிட்டே” என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோனார்!

மூன்றாம் நாள், காரைக் கழுவுகிறேன் என்று வாளியோடு கீழே போனார். நான் பால்கனியில் நின்றிருந்தேன். கீழேயிருந்து ஒரு கூச்சல்.

“சாந்தி! வண்டியை எங்க ஓட்டினே? ஓவர்ஹீட் ஆயிருக்கு!”

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். தரையில் மண்டியிட்டு, சைலன்சர் முனையைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிறம் ஓடியிருப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. என்னைப் பார்த்தார்.

“நீ பண்ணியா?”

துரையை, சாம்பல் நிறத்தை, கட்டைவிரல் ரேகையை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார். ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“என்னங்க, பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கு. அதில்ல...” வாளித் தண்ணீரில் கையை அளைந்தார். “அங்க ட்யூட்டி நேரத்துல, அந்தச் சூட்டுல நிக்கறப்ப எல்லாம் இதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஊருக்குப் போனதும் நம்ம மொட்டை மாடியில உக்காந்து... நான் டார்ச் பிடிப்பேன், நீ கலர் பார்த்துச் சொல்லுவே... இப்படி. சின்ன விஷயம்தான். அங்க அதுவே பெரிசாத் தெரியும்.”

ஆசையாகச் செய்ததில்தான் அவருடைய ஆசையை நான் பறித்திருக்கிறேன்! யார் மேல் கோபப்படுவது?

“அழிச்சுடலாம்” என்றேன்.

“என்னது?”

“ஒண்ணை மட்டும். மறுபடி பளபளப்பாக்கி, நீங்க பண்ணுங்க. நான் கலர் பாத்துச் சொல்றேன்.”

லீவு முடியும் தறுவாயில்தான் அசோக் நகருக்குப் போக முடிந்தது. துரை தலையில் அடித்துக்கொண்டார். “இம்மாம் கஷ்டப்பட்டு வந்த நீலத்தை அழிக்கச் சொல்றீங்களே மேடம்! இன்னா சார் இது, நியாயமா?” ஆனாலும் ஒன்றைக் கழற்றி, தேய்த்து, டார்ச்சை அவர் கையில் கொடுத்தார்.

நான் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் பற்றவைத்தார். வைக்கோல் வந்தது. தங்கம் வந்தது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் டார்ச்சை எடுத்துவிட்டார்.

“ஏங்க நிறுத்திட்டீங்க? இன்னும் நீலம் வரலையே!”

“முடியலை சாந்தி. நீலம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே கை தானா விலகிடுது. இத்தனை வருஷம் அதைத் தடுக்கறதுதானே என் வேலை?”

மறுபடி காட்டினார். மறுபடி கை விலகிவிட்டது. துரை விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் அது தங்கத்திலேயே, ஓரத்தில் துளி செம்போடு நின்றுவிட்டது. இருக்கட்டும் என்று அப்படியே மாட்டிக்கொண்டு வந்தோம். இடது பக்கம் என் நீலம். வலது பக்கம் அவர் தங்கம்.

வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே ஈ.சி.ஆர். பிடித்துப் பாலவாக்கம் போனோம். கடற்கரைக்குப் போகும் தெருவின் முனையில் வண்டியை நிறுத்தி, மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். தூரத்தில் ஒரு கப்பல் நின்றிருந்தது. அது என்ன கப்பல், எங்கே போகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அந்தக் கப்பலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“என்னங்க.”

“ம்.”

“போகாதீங்க. இங்கயே இருந்துடுங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று தேடினார்.

“இப்பச் சொல்றியே... அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. டிக்கெட்டும் நேத்து வந்துடுச்சு.”

“தெரியும். ஆனாலும் சொல்லணும்னு தோணுச்சு.”

அவர் பஜ்ஜிப் பொட்டலத்தை மணலில் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“நீ ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்ல. ஒவ்வொரு தடவையும் சிரிச்ச முகமா வழியனுப்புவே. ஃபோன் பண்ணா எல்லாம் நல்லா இருக்கும்பே. நான் இல்லாம இருக்க உனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன் சாந்தி. லீவுல வந்து உனக்கு இடைஞ்சல் பண்றேனோன்னுகூட நெனச்சிருக்கேன்.”

“நான் அழுதா உங்களுக்கு அங்க வேலை ஓடாதேன்னுதான் சிரிச்சேன்.”

“அழுதிருக்கலாமே” என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷத்து அழுகையும் வந்துவிட்டது. பஜ்ஜி ஆறிப்போனது. பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

எழுந்து மணலைத் தட்டும்போது சொன்னார்: “இதுதான் கடைசிக் கப்பல். வந்ததும் இங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கறேன். சம்மதமா?”

கப்பல்காரர்களின் ‘கடைசி’ எப்படிப்பட்டது என்று கப்பல்காரர் மனைவிகளுக்குத் தெரியும். இருந்தாலும் நம்புகிறேன். இதுவரை அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன வாரம் அவர் கிளம்பினார். ஏர்போர்ட் வாசலில் இந்த முறை நான் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, பார்க்கவே சகிக்காத கோலத்தில் நின்றேன். உள்ளே போனவர் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் திரும்பிப் பார்த்தார். கதவருகே நின்ற செக்யூரிட்டிக்காரர் அவரை “போங்க சார், போங்க” என்று கையைக் காட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ... வீடு வழக்கம்போல அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை அங்கே இருப்பவருக்கும் இது தெரியும்.

‘இரு.’ இரண்டே எழுத்து. எனக்குத் தலை நரைத்த பிறகுதான் வாயில் வந்தது. உங்கள் வீட்டிலும் யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டியிருந்தால், தயவுசெய்து டிக்கெட் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.